எதிர்ப்புசக்தி எப்படி வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி வீடுகளில் எழும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாடப்புத்தக வரிசை இருக்காது. எதிர்ப்புசக்தி கூடக் கூட நல்லது என்று விளம்பரங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. உடம்புக்குள் நடப்பது வேறு. அந்நியர் யார் என்று சரியாக அடையாளம் காண வேண்டும், நேரத்துக்கு எழ வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். இந்த மூன்றில் எது பிசகினாலும் நோய்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் பல பதில்கள் தாமாகவே விளங்கும்.

எதிர்ப்புசக்தி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது?

இதுதான் என்று கைகாட்ட ஓர் உறுப்பு கிடையாது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பக்குவப்படுகிறது. அதன் பிறகு ரத்தத்திலும் நிணநீரிலும் சுற்றுகின்றன. மண்ணீரல், டான்சில், குடல் சுவர், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாம் அவை தங்கும் இடங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் 'டோட்டல் கவுன்ட்' என்று வருமே, அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை வெள்ளை அணுக்கள் என்ற கணக்கு. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருந்தால் இயல்பு. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவை மட்டும்தான் அதில் வரும். திசுக்களில் தங்கியிருப்பவை வராது. ஆகவே அந்த ஒரு எண்ணை வைத்து 'எனக்கு எதிர்ப்புசக்தி இவ்வளவு' என்று யாரும் சொல்ல முடியாது.

தைமஸ் எதற்கென்று 1961 வரை யாருக்கும் தெரியாது. பயனற்ற மிச்சம் என்றே பலர் நினைத்தார்கள். லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பிறந்த குஞ்சு எலிகளிடமிருந்து அதை அகற்றிப் பார்த்தார். எலிகள் தொற்றுக்கு ஆளாகிச் செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால் அதை அந்நியம் என்று ஒதுக்கக்கூட அவற்றுக்குத் தெரியவில்லை. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் இந்தச் சுரப்பி, பருவம் அடைந்த பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். அதற்குள் முக்கியமான வேலையை முடித்திருக்கும்.

தோல், சளி, கண்ணீர் எல்லாம் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். பெரும்பாலான கிருமிகள் இவற்றைத் தாண்டுவதே இல்லை. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாமல் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகைபிடிப்பவரிடம் இந்த இழைகள் செயலிழந்துபோகின்றன. அந்த நாள்பட்ட இருமலுக்கு இது முக்கியக் காரணம். இரைப்பையின் அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பலவற்றைக் கொன்றுவிடும். கண்ணீரிலும் எச்சிலிலும் மூக்குச்சளியிலும் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதி இது. 1922இல் இதை அறிவித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பெனிசிலின் அவர் கண்ணில் பட்டது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான்.

முள் குத்திய இடம் ஏன் சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கிறது?

இந்தக் கேள்விக்கான விடை முள்ளிலிருந்தே கிடைத்தது. 1882இல் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினா நகரத்தில் இலியா மெச்னிகோஃப் என்ற விலங்கியலாளர் தங்கியிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நாளில், நட்சத்திர மீனின் இளம் உயிரியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த உயிரி கண்ணாடி போலத் தெளிவானது. உள்ளே நகரும் செல்கள் தெரியும். தோட்டத்தில் ரோஜா முள்ளை ஒடித்து அதன் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நம் காலிலும் அதேதான் நடக்கிறது. முள்ளோடு உள்ளே போன பாக்டீரியாவை, தோலுக்கடியில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் முதலில் உணர்கின்றன. பாக்டீரியாக்களுக்குப் பொதுவாக இருந்து மனித உடம்பில் இல்லாத சில மூலக்கூறுகள் உண்டு. அவற்றைத் தொட்டறியும் ஏற்பிகள் பிறவியிலேயே இந்தச் செல்களில் இருக்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஜூல் ஹாஃப்மனும் புரூஸ் பாய்ட்லரும் 2011இல் நோபல் பெற்றார்கள். உணர்ந்தவுடன் செல்கள் ரசாயனச் சைகைகளை வெளியிடும். அருகில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும், ஆகவே அந்த இடம் சிவந்து சுடும். குழாயின் சுவர் நெகிழ்ந்து நீர் கசியும், ஆகவே வீங்கும். நரம்பு நுனிகள் தூண்டப்படும், ஆகவே விண்ணென்று வலிக்கும். அந்த நெகிழ்ந்த சுவரின் வழியே நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வெளியே வந்து கிருமிகளை விழுங்கி, தாமும் அங்கேயே மடியும். நாம் பிதுக்கி எடுக்கிற சீழில் பெரும்பகுதி அவைதான். பிதுக்காமல் இருப்பதே நல்லது. அழுத்தும்போது கிருமி ஆழத்துக்குப் போகலாம்.

காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஏன்?

புண் இருக்கும் இடத்தில் டென்ட்ரிட்டிக் செல் என்று இன்னொரு வகையும் இருக்கும். கிளை விட்ட உருவம் கொண்டது. இது கிருமியின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, நிணநீர் ஓட்டத்தோடு அருகிலுள்ள கணுவுக்குப் போகும். காலுக்கு அருகிலுள்ள கணுக்கள் தொடை இடுக்கில், கைக்கு அக்குளில், தொண்டைக்கும் பல்லுக்கும் கழுத்தில். அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான செல்களிடம் அந்தத் துண்டுகளைக் காட்டும். பொருந்துகிற செல் கிடைத்ததும் அது பெருகத் தொடங்கும். கணு பருத்துக் கையில் தட்டுப்படும். அதுதான் நெறி.

புண் ஆறினால் நெறியும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் கரையும். வலியே இல்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால், கூடவே எடை குறைந்தால், இரவில் வேர்த்துக் கொட்டினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். கழுத்துக் கணுவில் வரும் காசநோய் நம் ஊரில் அபூர்வமல்ல. முன்னோர் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் அதைத்தான்.

டென்ட்ரிட்டிக் செல்லை 1973இல் அடையாளம் கண்டவர் ரால்ஃப் ஸ்டைன்மன். கணையப் புற்றுநோய் வந்தபோது, இந்தச் செல்களை வைத்தே உருவாக்கிய சிகிச்சைகளைத் தன் உடம்பில் முயன்றுபார்த்தார். 2011 நோபல் அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு இறந்துபோனார். பரிசுக் குழுவுக்கு அது தெரியாது. இறந்தவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை என்ற விதி இருந்தும், அவருக்குக் கொடுத்த பரிசு நிலைத்தது.

இதுவரை பார்த்தே இராத கிருமியை உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது?

எனக்கு இந்த மண்டலத்திலேயே பெரிய வியப்பு இதுதான். நம் டிஎன்ஏவில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. ஆனால் கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியில் நம் உடம்பால் செய்ய முடிகிற வடிவங்களோ கோடிக்கணக்கில். கணக்கு எப்படிச் சரியாகும்?

சுசுமு டோனெகாவா என்ற ஜப்பானியர் 1970களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இதற்கு விடை கண்டார். 1987இல் நோபல் பெற்றார். ஆன்டிபாடியைச் செய்யும் வெள்ளை அணுவான பி செல், வளரும்போது ஆன்டிபாடிக்கான மரபணுத் துண்டுகளை வெட்டி, வேறு வேறு விதமாகச் சேர்த்து ஒட்டிக்கொள்கிறது. நம்மிடம் உள்ள எழுத்துகள் 247தான், ஆனால் அவற்றைக் கோத்து எழுதக்கூடிய சொற்களுக்குக் கணக்கில்லையே, அதுபோல. ஒவ்வொரு பி செல்லும் தற்செயலாக அமைந்த ஒரு வடிவத்தோடு பிறக்கிறது. எந்தக் கிருமி வரும் என்று எதற்கும் தெரியாது. பெரும்பாலானவை தனக்குப் பொருந்தும் ஆளைப் பார்க்காமலே மடிந்துபோகும். என்றோ ஒருநாள் ஏதோ ஒரு கிருமி வந்து ஒரு செல்லின் வடிவத்தோடு பொருந்தும்போது, அந்த ஒரே செல் ஆயிரம் ஆயிரமாகப் பெருகும். பெருகும்போதே சின்னச்சின்ன மாற்றங்கள் நேரும்; இன்னும் இறுக்கமாகப் பொருந்துபவை நிலைக்கும், மற்றவை கழியும்.

இவ்வளவும் நடக்க ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். புதிய நோய் வந்தால் ஒரு வாரம் படுத்தே ஆகவேண்டியிருப்பது இதனால்தான். அதுவரை தாக்குப்பிடிப்பது முள் குத்தியபோது வந்த அந்த முதல்கட்டச் செல்கள்.

பி செல், டி செல் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பி செல் ஆன்டிபாடிகளைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அவை வெளியே திரியும் கிருமியைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடியால் எட்ட முடியாது. அங்கே டி செல் வேண்டும். நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் தயாராகிறது என்பதன் மாதிரியை எச்எல்ஏ என்ற புரதத்தில் பொருத்தி வெளியே காட்டிக்கொண்டிருக்கும். அதில் வைரஸ் துண்டைக் கண்டால் கொல்லும் டி செல் அந்தச் செல்லை அழித்துவிடும். சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு முன் பொருத்தம் பார்க்கிறார்களே, அது இந்த எச்எல்ஏ பொருத்தம்தான்.

உதவும் டி செல் என்று இன்னொரு வகை உண்டு. அது யாரையும் கொல்வதில்லை. ஆனால் அது கைகொடுக்காவிட்டால் பி செல்லும் சரியாக வேலை செய்யாது, மேக்ரோஃபேஜும் செய்யாது. எச்ஐவி தாக்குவது இதைத்தான். சிடி4 கவுன்ட் என்று எண்ணப்படுவது இந்தச் செல்களே. 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை. இந்தியாவில் எச்ஐவி இருப்பது 1986இல் சென்னையில்தான் முதலில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. இங்கே அந்த நோய் வராது என்று பலரும் நம்பிய காலத்தில் ரத்த மாதிரிகளைத் தேடிச் சேகரித்து நிரூபித்தார்கள். இன்று தினமும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சிடி4 மீண்டு வருகிறது, நெடுநாள் வாழ்கிறார்கள்.

நம் உடம்பையே அது தாக்காமல் இருப்பது எப்படி?

வடிவங்கள் தற்செயலாக அமைகின்றன என்றால், நம் சொந்தத் திசுவோடு பொருந்துபவையும் பிறக்கத்தானே செய்யும்? பிறக்கின்றன. தைமஸில் அவை தேடிப்பிடித்து அழிக்கப்படுகின்றன என்று சொல்லலாம். அங்கே நுழையும் இளம் டி செல்களில் மிகச் சிறு பங்குதான் உயிரோடு வெளியே வருகிறது.

அப்படியும் சில தப்பிவிடும். அவற்றை அடக்கிவைக்கத் தனியாக ஒரு வகை டி செல் இருக்கிறது என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அதற்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை 2001இல் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இல் நோபல் கிடைத்தது. அந்த மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடலும் தோலும் கணையமும் பிறந்த சில மாதங்களிலேயே தாக்கப்படுகின்றன. அவர்களிடம் எதிர்ப்புசக்தி குறைவு என்று சொல்ல முடியாது. அடக்க ஆள் இல்லை.

பெரியவர்களிடம் இந்தக் கட்டுப்பாடு ஓரிடத்தில் தளரும்போது வருபவை தன்னெதிர்ப்பு நோய்கள். கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்தால் முதல் வகைச் சர்க்கரை நோய். மூட்டு உறை தாக்கப்பட்டால் முடக்குவாதம். தைராய்டு தாக்கப்பட்டால் ஹாஷிமோட்டோ நோய். தோலின் நிறம் தரும் செல்களை இழப்பதால் வருவது வெண்புள்ளி. அது தொற்றாது, தொழுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் திருமணத்தை நிறுத்துவது கொடுமை; வேறு சொல் இல்லை.

தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது, சளி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

நோய் தீர்ந்த பிறகு பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். ஒரு சிறு பகுதி நினைவு செல்களாகத் தங்கும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், சில நாட்களுக்குள் எதிர்வினை வந்துவிடும்.

எவ்வளவு காலம் இந்த நினைவு நிற்கும் என்பதற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபேரோ தீவுகள் சாட்சி. 1781இல் அங்கே தட்டம்மை வந்து போனது. பிறகு 65 ஆண்டுகள் வரவே இல்லை. 1846இல் மறுபடி வந்தபோது 7,800 பேருக்குச் சற்றுக் குறைவான மக்களில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781இல் நோய் கண்டிருந்த முதியவர்கள் ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை. அப்போது தப்பித்திருந்த முதியவர்களுக்கு இப்போது வந்தது.

தட்டம்மை வைரஸின் வெளித்தோற்றம் மாறாததால் பழைய நினைவு செல்லுபடியாகிறது. சளிக்கோ நூற்றுக்கும் மேற்பட்ட வகை வைரஸ்கள் இருக்கின்றன. இன்று வந்தது ஒன்று, அடுத்த மாதம் வருவது வேறொன்று. ஃபுளூ வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு தோற்றத்தை மாற்றிக்கொள்கிறது.

தட்டம்மைக்கு இன்னொரு கொடிய குணம் உண்டு. அது நினைவு செல்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், தட்டம்மை வந்துபோன பின் ஏற்கனவே இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. 'வந்துட்டுப் போகட்டும், நல்லதுதான்' என்று தட்டம்மையைச் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னம்மை வந்துபோனவருக்கு வயதான பிறகு அக்கி வருவது எப்படி?

சின்னம்மை குணமானாலும் அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். டி செல்கள் அதை எழவிடாமல் வைத்திருக்கும். வயதாலோ நோயாலோ மருந்தாலோ அந்தக் காவல் தளர்ந்தால், ஒரு நரம்பின் தடத்தில் மட்டும் கொப்புளமாகக் கிளம்பும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக வருகிறது.

குயவரிடம் போய்ச் செம்மண் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொப்புளம் சில வாரங்களில் காய்ந்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கிற நரம்பு வலிதான். அக்கிக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். கண்ணருகே வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, பார்வை போகலாம்.

டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஆபத்து அதிகம் என்பது உண்மையா?

உண்மை. டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். வேறு வகை வரும்போது பழைய ஆன்டிபாடிகள் அதோடு அரைகுறையாகப் பொருந்தும். ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. ஆன்டிபாடி ஒட்டியதை விழுங்குவது மேக்ரோஃபேஜ் போன்ற செல்களின் இயல்பு. டெங்கு வைரஸ் பெருகுவதும் அதே செல்களுக்குள்தான். ஆக, பழைய ஆன்டிபாடியே வைரஸை வாசல் வரை கொண்டுபோய் விட்டதாகிறது.

அதன் பின் எழும் கடும் எதிர்வினையில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் அந்த நாள்களில்தான் இது நடக்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து விழுதல் இவற்றில் ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டாவது டெங்கு எல்லாருக்கும் கடுமையாகும் என்று இல்லை, வாய்ப்பு கூடுகிறது.

தடுப்பூசி என்ன செய்கிறது? ஏன் இத்தனை தவணை?

நோயைத் தராமல் நினைவை மட்டும் தருகிறது. கிருமியின் ஒரு பகுதி, கொன்ற கிருமி, வலுவிழந்த கிருமி, அல்லது அதன் புரதத்துக்கான செய்முறைக் குறிப்பு என்று ஏதாவது ஒன்றை உடம்புக்குக் காட்டுகிறோம். ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வருவது, மேலே சொன்ன முதல்கட்டச் செல்கள் எழுந்ததன் அடையாளம்.

6, 10, 14 வாரங்களில் ஒரே ஊசியைத் திரும்பப் போடுவதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் நினைவு செல்கள் பெருகி, இன்னும் இறுக்கமாகப் பொருந்துபவை தேர்வாகின்றன. தட்டம்மை ஊசிக்கு 9 மாதம் வரை காத்திருப்பது வேறு காரணத்தால்: தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்த ஆன்டிபாடிகள் அதற்கு முன் போட்ட ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

எல்லாத் தடுப்பூசியும் ஒரே அளவில் காப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிசிஜி என்ற தடுப்பூசி நுரையீரல் காசநோயைத் தடுக்குமா என்று அறிய, 1968இல் தொடங்கிச் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. ஆனால் பச்சைக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பிசிஜி நன்றாகத் தடுக்கிறது. பிறந்ததும் தோளில் போடுவது அதற்காகத்தான்.

நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் போடுவதும் தடுப்பூசியா?

பாம்புக்கடிக்குப் போடுவது தடுப்பூசி அல்ல, வேறு உடம்பில் தயாரான ஆன்டிபாடி. விஷம் ஏறியவருக்கு இரண்டு வாரம் காத்திருக்க நேரம் கிடையாது. குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளைப் பிரித்தெடுத்து நமக்குத் தருகிறார்கள். இந்தியாவில் இதற்கான விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் விஷத்தையும் இருளர்கள் எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாடு முழுக்க எத்தனையோ உயிர்கள் அவர்கள் கைத்திறனால் பிழைக்கின்றன. அதற்குரிய மரியாதை அவர்களுக்கு இன்னும் கிடைத்தபாடில்லை.

நாய்க்கடியில் இரண்டும் தேவைப்படலாம். ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியே மெதுவாக ஏறுவதால், கடித்த பிறகு போட்டாலும் தடுப்பூசிக்கு நேரம் கிடைக்கிறது. ரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால், தடுப்பூசி வேலைசெய்யத் தொடங்கும் வரை காக்க, தயார் ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். இரண்டுக்கும் முன்னால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு சேனை வைக்கலாமா?

வேண்டாம். பெரியவர்கள் பாசத்தோடு செய்வது என்பது தெரியும். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் விதைகள் குடலில் முளைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, கெட்டது என்று சில வீடுகளில் பீய்ச்சிக் கொட்டிவிடும் சீம்பாலில்தான் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி செறிவாக இருக்கிறது. தாய் வாழும் சூழலில் உள்ள கிருமிகளுக்காகவே உருவானவை அவை. குழந்தையின் குடல் சுவரில் படிந்து காக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள்.

காய்ச்சல் நல்லதா, கெட்டதா?

வெள்ளை அணுக்களின் சைகையால் மூளையே உடம்பின் வெப்ப அளவை ஏற்றிவைக்கிறது. பல கிருமிகள் அந்தச் சூட்டில் மந்தமாகும். லேசான காய்ச்சலை உடனே இறக்கியே ஆகவேண்டும் என்று இல்லை. குழந்தை வாடினால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலானாலும் அன்றே டாக்டர்.

அலர்ஜி என்பது எதிர்ப்புசக்தி குறைவா?

நேர்மாறானது. தீங்கில்லாத ஒன்றை, இறாலையோ வேர்க்கடலையையோ பூந்தூளையோ, ஆபத்து என்று பிழையாகக் குறித்துக்கொள்வது. ஐஜிஇ என்ற ஆன்டிபாடி, திசுக்களில் உள்ள மாஸ்ட் என்ற செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அந்தப் பொருள் மறுபடி வந்ததும் செல் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் அதனால். தொண்டை இறுகி, மூச்சு வாங்கி, மயக்கம் வந்தால் அது அவசர நிலை. அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும், அலர்ஜி மாத்திரை போதாது.

அப்படியானால் எதிர்ப்புசக்தியைக் கூட்ட என்ன சாப்பிட வேண்டும்?

கூட்ட வேண்டும் என்ற ஆசையையே முதலில் கேள்வி கேட்போம். 2020இல் கொரோனாவால் மூச்சுத்திணறி வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம், பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வு டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தது. மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை. கட்டுமீறிய எதிர்வினையை அடக்குகிறது.

தொழுநோய் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கிருமி ஒன்றுதான். டி செல்களின் எதிர்வினை வலுவாக உள்ளவருக்கு ஒன்றிரண்டு உணர்ச்சியற்ற தேமல்களோடு நோய் நிற்கும், தோலில் கிருமியே தென்படாது. ஆனால் அந்த வலுவான எதிர்வினையே நரம்பைச் சிதைக்கும். டி செல்கள் அசையாதவருக்கு ஆன்டிபாடிகள் ஏராளமாக இருந்தும் உடம்பெங்கும் கிருமி பெருகும். சிகிச்சை தொடங்கிய பிறகு திடீரென எதிர்வினை கிளம்பி, சில நாள்களில் கை கால் செயலிழப்பதும் உண்டு. அப்போது உடனே ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம்.

எதிர்ப்புசக்தியைக் கூட்டும் என்று டப்பாவில் விற்பவற்றுக்கு, நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு நோய் வராமல் தடுத்ததற்கான உறுதியான சான்று இல்லை. சான்று உள்ளவை எளியவை: போதிய உறக்கம், புகை விடுதல், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், தடுப்பூசி, வயிறாரச் சத்தான சாப்பாடு. கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சென்னையின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கெடுத்த ரேஷன்ஸ் ஆய்வு அது. 2023இல் வெளியான முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. எந்த டானிக்கும் இதற்கு ஈடாகாது. பசித்த உடம்பில் டி செல் சரியாகப் பெருக முடியாது.

டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு எதிர்ப்புசக்தியைக் குறைக்குமாமே, நிறுத்திவிடலாமா?

குறைக்கும், அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். முடக்குவாதத்திலும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயிலும் மாற்று உறுப்பு பெற்றவரிடமும் அடக்குவதுதான் சிகிச்சை. சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால், அதுவரை ஓய்ந்திருந்த அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். டாக்டர் சொல்லும் படிக்கட்டில் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். இந்த மருந்துகள் எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் லேசாக இருந்தாலும் உள்ளே தொற்று பெரிதாக இருக்கலாம், ஆகவே இரண்டு நாள் பார்ப்போம் என்று வீட்டில் இருக்க வேண்டாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள், தட்டம்மை ஊசி, சின்னம்மை ஊசி போன்றவை, பொதுவாக அவர்களுக்கு ஆகாது. உயிருள்ள கிருமி இல்லாத ஃபுளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வேலையாக மாத்திரைச் சீட்டைக் காட்டிவிடுங்கள்.